ஒன்பது நாளாக யாரும் சாகாத ஊர்

அத்தியாயம் பதினான்கு

டிம்ப்னா போனில் கேட்டது ரொம்பச் சின்னக் கேள்வி.

"அடக்கப் பூசை பதினொன்னுக்கா, பதினொன்றைக்கா?"

அட்ராக்டா ஹெனகன் ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். சனிக்கிழமை காலை மணி ஒன்பது இருபது. உடைந்த கணுக்காலுக்கு மாட்டிவிட்ட கனத்த பூட்ஸ் எதிர் நாற்காலியில் நீட்டிக் கிடந்தது. யாருடைய அடக்கம் என்று அவளுக்குத் தெரியாது.

இதை வேறு யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். எங்கள் கில்கோரனில் ஒருவர் மூச்சு நின்றால் முதலில் டாக்டருக்குத் தெரியும், அடுத்தது அட்ராக்டாவுக்கு. ஃபாதர் மூன்றாவது. ஊரில் யாரும் "யார் போயிட்டாங்க?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வதில்லை, நேராக அவளுக்கு ஒரு போன் போடுவார்கள்.

அந்த அட்ராக்டா, "யாருடி செத்தது?" என்று டிம்ப்னாவிடம் கேட்பதா? டிம்ப்னாவுக்கு முப்பது வருஷமாக இந்த ஒரு கேள்விக்குத்தான் காத்திருப்பு. பால் வாங்கப் போன இடம், முடி திருத்தப் போன இடம் என்று மத்தியானத்துக்குள் மாவட்டம் முழுக்கச் சொல்லி முடித்துவிடுவாள்.

"லேப்டாப் இப்பத்தான் திறக்குது. பார்த்துட்டுப் பத்து நிமிஷத்துல கூப்பிடறேன்," என்றாள் அட்ராக்டா.

"நீ இன்னும் பார்க்கலையா? புதன்கிழமையே பார்த்திருப்பியே!"

"நேரத்தைச் சரிபார்க்கணும்டி. கடைசி நிமிஷத்துல மாத்துவாங்க."

போனை வைத்ததும் லேப்டாப்பை இழுத்துத் திறந்தாள்.

கதையை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. அட்ராக்டா முப்பத்தொரு வருஷம் எங்கள் ஊர் போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் இல்லை. மகன் ஃபிண்டன் குடும்பத்தோடு ஊருக்குள் இருக்கிறான். இவள் இருப்பது நாலு கிலோமீட்டர் தள்ளி, ஏரிக்கரையில். ஜனவரி எட்டாம் தேதி வாசல் பனியில் வழுக்கிக் கணுக்கால் உடைந்து, மூன்று வாரம் மருத்துவமனையிலும் உடம்பு தேற்றும் விடுதியிலும் கழித்துவிட்டு வந்தவள். மகள் ஓர்லா கால்வே நகரத்தில் வேலை பார்க்கிறாள். காஹல் டான்ஸிக்கு நிச்சயமானவள். அந்தப் புண்ணியவான் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஆஸ்திரேலியாவில் வேலைக்கு மனுப் போட்டான். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அவன் வீட்டுச் சமையலறையிலேயே மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வந்துவிட்டாள் அவள். அவன் நம்பரை போனில் அடைத்தவள் இன்னும் திறக்கவில்லை.

இனி லேப்டாப்புக்கு வருவோம். நம் துக்கமெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

இங்கே காலை டீயோடு இறப்பு அறிவிப்புப் பார்ப்பது பல் தேய்ப்பது மாதிரி. முன்பெல்லாம் உள்ளூர் வானொலியில் ஒன்பது மணிச் செய்திக்குப் பிறகு வாசிப்பார்கள். இன்றைக்கும் வாசிக்கிறார்கள். ஆனால் லேப்டாப் வந்த நாளிலிருந்து அட்ராக்டாவுக்கு அது ஆறிப்போன டீ. ஒன்பது வருஷமாக அவள் பிரவுசரைத் திறந்தால் முதலில் வந்து நிற்பது அறிவிப்புப் பக்கம்தான். பெயர், வயது, ஊர், பூசை நேரம், பூ வேண்டாம் என்றால் நன்கொடை யாருக்கு என்பது வரை எல்லாம் இருக்கும். முகவரியை ஒரு நாளும் அவள் தட்டியதில்லை. தட்ட வேண்டி வந்ததில்லை.

ஒன்பது நாளுக்கு முன் அந்தப் பக்கம் காணாமல் போனது.

அதற்குப் பதிலாக நீலக் கடல், கலங்கரை விளக்கம், நடுவில் ஒரு தேடும் பெட்டி. அட்ராக்டா அதில் அறிவிப்புப் பக்கத்தின் பெயரைத் தட்டினாள். முதலாவதாக வந்ததைச் சொடுக்கினாள். அதே கறுப்புக் கரை, அதே மாவட்டப் பெயர்கள். ஓரத்தில் மட்டும் முழங்கால் வலித் தைலம் ஒன்று மின்னி மின்னி மறைந்தது. எங்கள் ராஸ்காமன் மாவட்டத்தில் கடைசிப் பெயர் ஜோசி கார்ட்டி, தொண்ணூற்று நாலு வயது, பிப்ரவரி ஆறு.

மறுநாளும் ஜோசி கார்ட்டி. அதற்கு மறுநாளும் அவர்தான்.

வேறு யாராவது என்றால் சந்தேகப்பட்டிருப்பார்கள். அட்ராக்டா சந்தோஷப்பட்டாள். ஜனவரி கடைசியிலிருந்து நோயாளிகளுக்காக நவநாள் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள் அல்லவா? ஒரு மாவட்டமே பிப்ரவரிக் குளிரில் சாகாமல் நிற்கிறது என்றால் ஜெபத்துக்குப் பலன் வேறெப்படித்தான் தெரியும்? நேற்று ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கிய ஓர்லாவிடமும் பெருமையாகச் சொன்னாள். ஓர்லாவுக்குத் தன் போனைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வந்த கவலை. "நல்லதும்மா," என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

இப்போது அட்ராக்டா திரையில் கலங்கரை விளக்கத்தை முறைத்தாள்.

"யாரோ செத்திருக்காங்க. நீ என்கிட்ட மறைச்சிருக்கே," என்று அதனிடம் சொன்னாள்.

ஃபிண்டனைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வானொலி வாசிப்பு முடிந்து கால் மணி ஆகியிருந்தது.

ஓர்லா கண்ணைக் கசக்கிக்கொண்டு கீழே வந்தாள்.

"யார்கூடம்மா சண்டை?"

"இந்தக் கலங்கரை விளக்கத்தோட. ஹோம்பேஜை நாலு தடவை மாத்திட்டேன். செட்டிங்ல போய்ப் பழைய பக்கத்தைப் போடுவேன், சேவ் பண்ணுவேன், மூடித் திறந்தா திரும்பவும் கடல்."

"எப்பலேருந்து?"

அட்ராக்டா டீக் கோப்பையைச் சுற்றினாள். "ஜிக்சா போட்டதுலேருந்து."

"என்ன ஜிக்சா?"

"கால் நீட்டி உட்கார்ந்து எத்தனை நேரம்டி சுவத்தைப் பார்க்கறது? நாய்க்குட்டிப் படமா ஆயிரம் ஜிக்சா, இலவசம்னு போட்டிருந்தான். நெக்ஸ்ட், நெக்ஸ்ட்னு அமுக்கினேன்."

"படிச்சுப் பார்க்காமலா?"

"படிச்சிருந்தா இந்நேரம் நிம்மதியா டீ குடிச்சிருப்பேன்."

படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்ட ஊர்க்காரர்களை முப்பத்தொரு வருஷம் கவுண்டருக்குப் பின்னாலிருந்து திட்டித் தீர்த்தவள் இவள். நானும் இரண்டு முறை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அதனால் இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான், மறைப்பானேன்?

ஓர்லா பிரவுசரில் ஒட்டிக்கொள்ளும் எக்ஸ்டென்ஷன்களின் பட்டியலைத் திறந்தாள். 'ஜிக்சா உதவியாளர்' என்று ஒன்று பல்லை இளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தூக்கினாள். நாய்க்குட்டி ஜிக்சாவையும் தூக்கினாள். பிரவுசரை மூடித் திறந்தாள்.

கடல். கலங்கரை விளக்கம்.

"ஃபிண்டன் சொன்ன மாதிரி புதுசா ஒன்னு வாங்கிடலாம்மா."

"கடிதம் வழி மாறிப் போச்சுன்னா வீட்டையா இடிப்பாங்க? கொஞ்சம் பேசாம இரு."

அட்ராக்டா கண்ணை மூடிக்கொண்டாள். போஸ்ட் ஆபீஸில் இதே தொல்லையை எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். ஒரு வீட்டுத் தபால் எல்லாம் இன்னொரு வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். வருகிற ஒவ்வொரு உறையிலும் முகவரியை அடித்துத் திருத்தினால் ஆயுசு முழுக்கத் திருத்த வேண்டியதுதான். எங்கேயோ ஒரு படிவம் இருக்கும், இந்த வீட்டுக்கு வருவதை அந்த வீட்டுக்குத் திருப்பு என்று. அதைத் தேடிப் பிடித்துக் கிழிக்க வேண்டும்.

நாலு தடவையும் அவள் உறையைத்தான் திருத்தியிருக்கிறாள்.

அப்போது 'டிங்' என்று சத்தம் கேட்டது. மெயில் பெட்டியில் மருத்துவமனைக் கடிதம், செவ்வாய்க்கிழமை கணுக்காலைக் காட்ட வரவேண்டும், இங்கே சொடுக்கி உறுதி செய்யவும் என்று. பழக்கதோஷம், அட்ராக்டா சொடுக்கிவிட்டாள். பிரவுசர் திறந்தது. மருத்துவமனைப் பக்கம் மட்டும் வந்தது.

"அம்மா, கடல் வரலை," என்றாள் ஓர்லா.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மெயில்லேருந்து திறந்தா வரலை. திரையில இருக்கற பிரவுசர் படத்தை அமுக்கித் திறந்தா வருது," என்றாள் அட்ராக்டா மெதுவாக. "பிரவுசர் மேல தப்பு இல்லைடி. வாசல்ல எவனோ உட்கார்ந்திருக்கான். அந்தப் படத்தோட வயித்துல என்ன எழுதியிருக்குன்னு பார்க்க முடியுமா?"

"ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ் போம்மா."

போனாள். ஒரு சின்னப் பெட்டி திறந்தது. அதில் நீளமாக ஒரு வரி. அட்ராக்டா மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அம்பை வரியின் கடைசிக்கு நகர்த்தினாள். பிரவுசர் குடியிருக்கும் இடத்தின் முகவரி ஒழுங்காக முடிந்து, மேற்கோள் குறியும் போட்டாகிவிட்டது. அதற்குப் பிறகு ஓர் இடைவெளி. அந்த இடைவெளிக்கு அப்பால், கலங்கரை விளக்கத்தின் முகவரி.

"இதோ இருக்கான்!" என்று அவள் மேசையைத் தட்டியதில் டீ தளும்பியது. "முகவரி முடிஞ்ச பிறகு இன்னொரு முகவரி! என் கவுண்டர்ல இந்த மாதிரி ஒரு உறை வந்திருந்தா போலீஸைக் கூப்பிட்டிருப்பேன்."

"அழிச்சிடும்மா."

"இரு. அனுபவிச்சு அழிக்கறேன்."

ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். மேற்கோள் குறி வந்ததும் நிறுத்தினாள். சரி என்று அமுக்கினாள், பெட்டியை மூடினாள், படத்தை இரண்டு முறை தட்டினாள்.

கறுப்புக் கரையோடு பழைய பக்கம் வந்து நின்றது. கடல் இல்லை, விளக்கு இல்லை, தைலம் இல்லை.

"வந்துட்டாண்டா என் ராஜா!" என்று கத்திவிட்டாள் அட்ராக்டா. சாவு அறிவிப்பைப் பார்த்து இப்படிக் கூவியவள் உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

ஒன்பது நாள் பாக்கி மொத்தமாக வந்து விழுந்தது. ராஸ்காமனில் மட்டும் பதினேழு பேர். அட்ராக்டா சிலுவை போட்டுக்கொண்டு, நவநாள் ஜெபத்தைப் பற்றி ஆண்டவரிடம் மனதுக்குள் மன்னிப்பும் கேட்டுக்கொண்டு, விரலைக் கீழே இறக்கினாள். கில்கோரன் என்ற இடத்தில் விரல் நின்றது.

மாலக்கி டான்ஸி. புதன்கிழமை, வீட்டில், மனைவி பெர்னியும் மகன் காஹலும் அருகிலிருக்க. வியாழனும் வெள்ளியும் மாலை வீட்டில் பார்வைக்கு. சனிக்கிழமை பதினொரு மணிக்கு அடக்கப் பூசை.

ஓர்லா அம்மாவின் தோளுக்கு மேலாகப் படித்தாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு நான் மோதிரத்தை வெச்சுட்டு வெளியில வந்தப்போ மழை," என்றாள். "வீட்ல வேற ஒருத்தரும் எழுந்து வரலை. அவர்தான் குடையை எடுத்துக்கிட்டு கார் வரைக்கும் வந்தார். குடை முழுசும் என் மேலதான். அவர் நனைஞ்சுட்டார். 'உனக்கு இந்த வீட்ல எப்பவும் ஒரு கப் டீ இருக்கும்மா'ன்னு சொன்னார்."

அட்ராக்டா மணியைப் பார்த்தாள். ஒன்பது ஐம்பத்தைந்து.

"எழுந்திரு. என் நேவி கோட்டைப் போட்டுக்கோ."

"நான் எப்படிம்மா வருவேன்? ரெண்டு நாளா வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கலை. வேணும்னுதான் வரலைன்னு நினைச்சிருப்பாங்க. காஹல் என் முகத்தைப் பார்ப்பானா?"

"அதனாலதான் இப்பவே போகணும்ங்கறேன். சவப்பெட்டி பக்கத்துல நீட்டின கையை இந்த ஊர்ல எவனும் தட்டினதில்லை. கொலை பண்ணவன் வந்தாலும் கை கொடுப்பாங்க. மண்ணைப் போட்டு மூடினதுக்கப்புறம் போனா, 'காரணம் சொல்ல வந்திருக்கா'ம்பாங்க. நமக்கு இருக்கறது ஒரு மணி நேரம்டி."

ஓர்லா எழுந்தாள்.

அவள் கோட்டைத் தேடும் நேரத்தில் அட்ராக்டா ஒரு போன் செய்தாள். கடமை கடமைதான்.

"டிம்ப்னா? பதினொரு மணி. பூசை முடிஞ்சு பழைய கல்லறைத் தோட்டம். பூ குடும்பத்தார் மட்டும், மத்தவங்க ஹாஸ்பிஸ் இல்லத்துக்கு நன்கொடை கொடுக்கலாம். சீக்கிரம் போ, கார் நிறுத்த இடம் இருக்காது."

"அதானே! உனக்குத் தெரியாம இருக்குமா!"

"இருக்குமா பின்னே," என்றாள் அட்ராக்டா, முகம் கொஞ்சமும் மாறாமல்.

*

ஓர்லா வீட்டு வண்டியை ஓட்டினாள். அம்மாவின் கோட் அவள் மேல் ஹேங்கரில் தொங்குவது போலத் தொங்கியது. அட்ராக்டா பின் சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவிலும் ஊன்றுகோலால் முன் சீட்டை இடித்து வேகம் கூட்டச் சொன்னாள். நடுவழியில் ஒரு டிராக்டர். அதைத் தாண்டவே பத்து நிமிஷம் போயிற்று.

கோவில் வாசலில் மஞ்சள் மினுக்குச் சட்டை போட்டுக்கொண்டு கார்களுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தது வேறு யாருமில்லை, ஃபிண்டன்.

"என்னம்மா இவ்வளவு லேட்டு?"

"ஏன்டா, மாலக்கி போனதை நீ ஏன்டா எனக்குச் சொல்லலை?"

ஃபிண்டன் வாயைப் பிளந்தான். "உனக்கா? உனக்குப் போய் யாராவது சாவுச் செய்தி சொல்லுவாங்களா? நீ கோவமா இருக்கேன்னு நினைச்சேன். ஊரே அப்படித்தான் நினைச்சுது."

சொல்லிவிட்டு அவன் அடுத்த காருக்குக் கை காட்டத் திரும்பிக்கொண்டான். தங்கை பக்கம் அவன் பார்க்கவே இல்லை. அட்ராக்டா அதைக் கவனித்தாள், ஆனால் அப்போது நேரமில்லை.

உள்ளே துக்கம் விசாரித்துக் கை கொடுக்கும் வரிசை முடியும் நேரம். கடைசி ஆள் நான்தான். அடக்க ஏற்பாட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மூடியைக் கொண்டுவரச் சைகை காட்டினார். அந்த நொடி பின்னால் டொக், டொக் என்று ஊன்றுகோல் சத்தம். இருநூறு தலைகள் திரும்பின. அட்ராக்டா, அவள் பின்னால் ஓர்லா. பெஞ்சுகளில் சலசலப்பு ஓடியது. இப்பத்தான் வர்றா பாரு. பெண்ணையும் கூட்டிட்டு வந்திருக்கா.

நான் ஒதுங்கி வழி விட்டேன். அதனால் மற்றதெல்லாம் என் காதுக்கு இரண்டடி தூரத்தில் நடந்தது.

முன் பெஞ்சில் பெர்னி. கையைக் கொடுத்தாள். கண் மட்டும் அட்ராக்டாவின் தோளுக்கு மேலே எங்கேயோ நின்றது.

"வந்ததுக்கு நன்றி, மிஸஸ் ஹெனகன்."

மிஸஸ் ஹெனகன்! ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள்.

அட்ராக்டா வழக்கமான நாலு ஆறுதல் வார்த்தையைச் சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். இரண்டு நாள் வராததற்குக் கால் வலி என்று சொல்லியிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? அவளுடைய பெயரும் பிழைத்திருக்கும். இரண்டாவது பெஞ்சுக்குப் பின்னால் டிம்ப்னா கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் வாயைத் திறந்தாள்.

"பெர்னி, மாலக்கி போனது எனக்குத் தெரியாதுடி. இன்னைக்குக் காலையில டிம்ப்னா போன் பண்ணினா. யாருன்னு கேட்கக் கூச்சப்பட்டு, தெரிஞ்ச மாதிரி நடிச்சேன்."

பெர்னியின் கண் மெல்ல இறங்கி அவள் முகத்துக்கு வந்தது.

"உனக்குத் தெரியாதா?"

"என் கம்ப்யூட்டர்ல ஒரு திருடன் பூந்து அறிவிப்புப் பக்கத்தையே மாத்தி வெச்சுட்டான். ஒன்பது நாளா பொய்ப் பக்கத்தைப் பார்த்துட்டு, இந்த மாவட்டத்துல யாருமே சாகலைன்னு உட்கார்ந்திருக்கேன். என்னோட நவநாள் ஜெபம்தான் எல்லாரையும் காப்பாத்துதுன்னு வேற…"

டிம்ப்னாவின் கழுத்து இன்னும் ஓர் அங்குலம் நீண்டது.

பெர்னியின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். அழத்தான் செய்தாள், ஆனால் அதற்குள்ளிருந்து சிரிப்பு பீறிட்டு வந்தது.

"ஒன்பது நாளா… ஒருத்தரும்… ஐயோ, மாலக்கி இதைக் கேட்டிருந்தா! அட்ராக்டாவுக்கே தெரியாம செத்தவன் நான் ஒருத்தன்தான்னு தலைகால் புரியாம ஆடியிருப்பானே!"

முன் பெஞ்சு சிரித்தது. இரண்டாவது பெஞ்சு சிரித்தது. டிம்ப்னா முப்பது வருஷமாகக் காத்திருந்த செய்தி அவள் கண் முன்னாலேயே ஊருக்கு இலவசமாகப் போய்விட்டது. அவளுக்கென்று சொல்ல மிச்சம் ஒன்றுமில்லை. பெர்னி அட்ராக்டாவை இழுத்துக் கட்டிக்கொண்டாள், ஊன்றுகோல் ஒன்று தரையில் விழுந்தது.

அதைக் குனிந்து எடுத்தவன் காஹல். நிமிர்ந்தபோது எதிரே ஓர்லா நின்றாள்.

அவள் கையை நீட்டினாள். ஒரு விநாடி. அவன் பிடித்துக்கொண்டான்.

சொல்ல வேண்டிய நாலு வார்த்தை அவளுக்கு மறந்து போயிற்று. "எனக்குக் குடை பிடிச்சுட்டு அவர் நனைஞ்சார்," என்றாள். அவ்வளவுதான் வந்தது.

"தெரியும். ஒரு வாரம் தும்மிக்கிட்டே அதையேதான் சொன்னார்," என்றான் காஹல். கையை விடவில்லை. "கடைசி வரைக்கும் உன்னைக் கேட்டுக்கிட்டே இருந்தார். பதில் வந்துச்சா, பதில் வந்துச்சான்னு."

"எதுக்குப் பதில்?"

"என் லெட்டருக்கு. போன்தான் எடுக்க மாட்டேங்கறேன்னு, ஜனவரி பத்தாம் தேதி உங்க அம்மா வீட்டுக்கு எழுதினேனே."

"எனக்கு எந்த லெட்டரும் வரலை, காஹல்."

மணி அடித்தது, ஃபாதர் வந்துவிட்டார். ஓர்லா பின்னால் போகத் திரும்பினாள். பெர்னி அவள் கோட்டைப் பிடித்து இழுத்து, "எங்கே போறே? இங்கேயே உட்காரு," என்று தன் பெஞ்சிலேயே இடம் பண்ணினாள். அட்ராக்டாவும் அங்கேயே உட்கார வேண்டியதாயிற்று. குடும்பத்துப் பெஞ்சில், ஊர் முழுக்கப் பார்க்க. அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள், துக்கம் என்று கூடப் பார்க்காமல் ஜொலித்தது.

ஆனால் பூசை நடந்த முக்கால் மணி நேரமும் அவள் உதடு ஜெபத்தோடு சேர்ந்து அசையவில்லை. ஜனவரி பத்து என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். எட்டாம் தேதி விழுந்தேன். ஒன்பதாம் தேதி மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டே ஒரு படிவம்.

*

மாலக்கியை மண்ணுக்குக் கொடுத்த பிறகு எல்லோரும் ஹாம் சாண்ட்விச்சுக்கும் சூப்புக்கும் ஹோட்டலைப் பார்த்து நடந்தார்கள். காஹலும் ஓர்லாவும் கல்லறைச் சுவரோரம் நின்றிருந்தார்கள். இரண்டடி இடைவெளி இருந்தது, ஆனாலும் சேர்ந்துதான் நின்றார்கள். மழை தூறியது. பெர்னி கணவருடைய பெரிய கறுப்புக் குடையை எடுத்துப்போய் மகன் கையில் கொடுத்துவிட்டு வந்தாள்.

அட்ராக்டா டொக், டொக் என்று வாசலுக்குப் போனாள். ஃபிண்டன் இன்னும் மினுக்குச் சட்டையோடு காலி ரோட்டுக்குக் காவல் நின்றுகொண்டிருந்தான்.

நல்ல பையன் அவன். ஒரே குறை, தங்கையை எவனோ ஆஸ்திரேலியாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவான் என்ற பயம். கிறிஸ்துமஸிலிருந்து அவனுக்கு அதே நினைப்புத்தான்.

"ஃபிண்டன், ஒரு விஷயம் கேட்கணும்."

"சொல்லும்மா."

"இன்னைக்குக் காலையில ஒரு திருடனைப் பிடிச்சேன். என் பக்கத்தை எவனோ வேற இடத்துக்குத் திருப்பி விட்டிருந்தான். தேடிப் பார்த்தா, அதுக்குச் சம்மதம் கொடுத்து நெக்ஸ்ட் அமுக்கினது நான்தான்."

"அதுக்கென்னம்மா இப்போ?"

"ஜனவரியில நான் ஆஸ்பத்திரியில கிடந்தப்போ நீ ஒரு படிவம் கொண்டு வந்தே. நான் திரும்பி வர்ற வரைக்கும் என் வீட்டுத் தபாலை உன் வீட்டுக்குத் திருப்பி விடச் சொல்லி. அதுலயும் கையெழுத்துப் போட்டது நான்தான், படிக்காம. தப்பு என் மேலதான்."

ஃபிண்டன் மினுக்குச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"திருப்பி விட்ட தபால் தொலையறதில்லைடா. போய்ச் சேர்ந்த வீட்ல பத்திரமா இருக்கும். நான் வந்ததும் ஒரு கட்டுக் கொடுத்தே. மின்சாரக் கம்பெனி, மருந்துக்கடை, ரெண்டு வாழ்த்து அட்டை. இப்ப நான் கேட்கப் போறது ஒன்னே ஒன்னு. அந்தக் கட்டுல…"

அவள் கேட்டு முடிக்கவில்லை. கடிதம் என்றோ காஹல் என்றோ அவள் வாயிலிருந்து இன்னும் வரவில்லை. ஃபிண்டன் சுவரோரம் விரிந்த கறுப்புக் குடையையே பார்த்துக்கொண்டிருந்தான். அதன் கீழே அந்த இரண்டடி இடைவெளி இப்போது இல்லை.

"நான் அதைப் பிரிக்கலைம்மா," என்றான்.